சொம்பின் அடியில்

அத்தியாயம் 17

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, சிதம்பரம் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்:

இரண்டாம் மாடி, ஆறாம் நம்பர் அறைக் கட்டிலில் உத்திராபதி. வயது ஐம்பத்தெட்டு. கடலூர் தாழங்குடாவில், சுனாமிக்குப் பிறகு கிடைத்த ஃபைபர் படகுக்குச் சொந்தக்காரர். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மழித்துவிட்டு, முதுகில் முடிச்சுப் போடும் பச்சை அங்கி மாட்டியிருந்தார்கள்.

கட்டிலை ஒட்டி அவர் மனைவி இருசம்மாள். இடுப்பில் சுருக்குப் பை. கையில் காலிச் சொம்பு.

மருந்துத் தட்டுடன் நர்ஸ் தீபிகா.

அடுத்த அறை வாசலில், தஸ்பீகு ஜெபமணியை உருட்டிக்கொண்டு பரங்கிப்பேட்டை ரஹ்மத் பீவி.

கீழே ரத்த வங்கியில், மகன் அன்பரசு. சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஆஸ்பத்திரியில் யாரிடம் எது பேசுவதானாலும் அவன்தான்.

அவன் பக்கத்தில், மாடி ஏற அனுமதி இல்லாத ஓர் ஆள். தட்சிணாமூர்த்தி. உத்திராபதியின் கூடப் பிறந்த அண்ணன். அனுமதி மறுத்தது ஆஸ்பத்திரி இல்லை, தம்பி. இருவரும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது.

உத்திராபதி கரையில் படகை ஏற்றும்போது மணலில் குப்புற விழுந்தது மூன்று வாரத்துக்கு முன்னால். படம் எடுத்துப் பார்த்ததில் மூன்று குழாயில் அடைப்பு. அது போதாதென்று இதயத்தின் வால்வு ஒன்று சுண்ணாம்பு கட்டி இறுகிக் கிடந்தது. பைபாஸும் செய்ய வேண்டும், வால்வையும் மாற்ற வேண்டும், ஒரே ஆபரேஷனில் இரண்டும் என்று டாக்டர் ஞானசேகரன் சொல்லிவிட்டார்.

உத்திராபதி அதைத் தன் பாஷையில் புரிந்துகொண்டார். "டீசல் டியூபும் அடச்சிக்கிச்சி, வால்வும் போச்சி. இன்ஜின எறக்குனமா, ரெண்டையும் பாத்துட்டு ஏத்துனமான்னு இருக்கணும். ரெண்டு தடவ எவன் எறக்குவான்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "தனித்தனியா செய்றதவிட சேத்து செய்றதுல ஆபத்து ஜாஸ்திங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல இதயத்த நிறுத்தி வைக்கணும். எனக்கு முக்கியமான பயம் ரத்தப்போக்குதான்" என்றார். இதை அவர் சொன்னது அப்பனிடமும் மகனிடமும். ஆலோசனை அறைக்குள் இரண்டு பேருக்குத்தான் நாற்காலி. இருசம்மாள் வெளியே பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் ஒரு ரகசியம் உண்டு. இந்தக் கதையை வாராவாரம் படிப்பவர்களுக்கு அது தெரியும். உத்திராபதிக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு முதல் முறை நெஞ்சு வலி வந்தது. கடலூரில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். உத்திராபதி சீட்டைக் கிழித்துப் போட்டார். காரணம் இருந்தது. அவர்கள் ஊரில் இதய மாத்திரை சாப்பிடுகிறவனைச் சுக்கான் பிடிக்க விடமாட்டார்கள். தலை சுற்றும், படகைக் கவிழ்ப்பான் என்று ஒரு பேச்சு. அந்தோணிசாமி என்கிற நல்ல கடலாளி மாத்திரை தின்கிறான் என்று தெரிந்த மறுநாள், கரையில் வலை பிரிக்க உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். உத்திராபதி அதற்குச் சம்மதிக்கிற ஆள் இல்லை.

இருசம்மாள் கிழித்த சீட்டைப் பொறுக்கி ஒட்டினாள். மாதம் ஒரு முறை மஞ்சக்குப்பம் போய் மாத்திரை வாங்கினாள். தினம் காலையில் ஒரு மாத்திரையை அம்மியில் நுணுக்கிக் கேழ்வரகுக் கூழில் கலந்து, மோர் ஊற்றிச் சொம்பில் நீட்டினாள். மருந்து அடியில் தங்கிவிடும் என்பதால், சொம்பைக் கவிழ்த்துக் காட்டும்வரை நகர மாட்டாள்.

"அடி வண்டலக்கூட வுட மாட்டறாடா உங்கம்மா" என்று மகனிடம் சொல்லி உத்திராபதி சிரிப்பார். பிறகு ஊரைப் பார்த்து மார் தட்டுவார். "நெஞ்சு வலி வந்து ரெண்டு வருசம். ஒரு மாத்திர உள்ள போவல. எவனாச்சும் இருக்கீங்களா?"

தட்டட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

இப்போது நர்ஸ் தீபிகா கத்திரிக்கோலை எடுத்தாள்.

"அரைஞாண் கயிற எடுக்கணும்யா. தாயத்து வேற இருக்கு. உடம்புல எதுவும் இருக்கக்கூடாது."

உத்திராபதி கையை இடுப்பில் வைத்து மறைத்தார். "கத்திரிய அந்தாண்ட வை பாப்பா. எங்க ஊர்ல அரைஞாண அறுக்கறது பொணத்துக்குத்தான்."

"அப்ப அவுத்துக் குடுங்க. ஏழரைக்கெல்லாம் உள்ள கொண்டு போவணும்."

முடிச்சு அவிழ்கிற முடிச்சு இல்லை. வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறி, கொட்டைப் பாக்குபோல இறுகிப் போயிருந்தது. இருசம்மாள் நகத்தால் முயன்றாள். நகம் மடங்கியது. கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு, குனிந்து, முடிச்சைப் பல்லால் கடித்தாள். தீபிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கடிச்சி கிடிச்சி வச்சிடாத" என்றார் உத்திராபதி. "உள்ள இருக்கறதே கந்தல். தோலயாச்சும் முழுசா வுடு."

"சும்மா கெடங்க."

முடிச்சு நெகிழ்ந்தது. வாயில் உப்பு கரித்தது. நிமிரும்போதுதான் அவர் முழங்கைக்குக் கீழே பார்த்தாள். நேற்று ரத்தம் எடுத்த இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கருநீலமாகக் கன்றியிருந்தது.

"இது என்னா, இப்டி கன்னிப் போயி கெடக்கு?"

"ஊசி குத்துனாங்க. கொசுக்கடிக்கு நீ ஒப்பாரி வைக்காத." கயிற்றைச் சுருட்டி அவள் கையில் வைத்தார். "பத்திரமா வச்சிரு. வந்து நானே கட்டிக்கறேன். போறேன்னு சொல்ல மாட்டேன். நீயும் கேக்காத."

கடலுக்குப் போகிறவனை எப்போது வருவாய் என்று கேட்கக்கூடாது. இருபத்தொன்பது வருஷமாக அவள் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

தீபிகா ஊசி ஒன்று போட்டாள். மயக்க ஊசி இல்லை, பதற்றம் குறைய என்றாள். இருசம்மாளை வெளியே உட்காரச் சொன்னாள்.

நடையில் இரும்பு பெஞ்சு. ரஹ்மத் பீவி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"என்னா புள்ள, உங்க ஊட்டுக்காரவுங்கதான் மொதல்லயா?"

"ஆமாக்கா. உங்களுது?"

"ரெண்டாவது. போன வியாழனே முடிஞ்சிருக்கணும். தியேட்டரு வாசல்வரைக்கும் கொண்டுபோயி திருப்பி அனுப்பிச்சிட்டாங்க."

"ஏன்?"

"எல்லாம் இந்த எழவு மாத்திரதான்." ரஹ்மத் பீவி கைப்பையைத் துழாவி ஒரு பட்டையை எடுத்தாள். "நிறுத்தச் சொல்லித் தாள்ல அச்சடிச்சுக் குடுத்திருந்தாங்க. எங்க மவன் பாக்கல. நான் பாட்டுக்குக் குடுத்துக்கிட்டே இருந்தேன். இது உள்ள இருந்துச்சின்னா ரத்தம் உறையாதாம். அஞ்சு நாளு நிறுத்தணுமாம், ஏழு நாளுன்னா இன்னும் நல்லதாம். தெரியாம நெஞ்சத் தொறந்திருந்தா மவுத்துதான்னு அந்த டாக்டரு மூஞ்சிக்கு நேரா சொல்றாரு. அல்லா காப்பாத்துனான்."

பட்டையில் ரோஸ் கலரில் வட்ட வட்டமாக மாத்திரைகள்.

இருசம்மாள் அதையே பார்த்தாள். அரைஞாண் கயிற்றைப் போட்டு வைக்கச் சுருக்குப் பையை அப்போதுதான் திறந்திருந்தாள். உள்ளே விரலில் தகரத் தாளின் முனை குத்தியது. எடுத்தாள். இரண்டு பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தேவையும் இருக்கவில்லை. அதே ரோஸ், அதே வட்டம், தாளில் அதே நீலக் கோடு.

ரஹ்மத் பீவியின் மணி உருளுவது நின்றது.

"இது யாருக்கு?"

"அவருக்குத்தான்."

"எப்பக் குடுத்த கடைசியா?"

"நேத்துக் காலைல. கீழ வண்டியில கூழு வாங்கி." சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஆஸ்பத்திரியில் அம்மி இல்லை. படிக்கட்டு வளைவில் குந்தி, சொம்பின் அடியால் நுணுக்கினாள். திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார்.

"அவுங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"யா அல்லா" என்றாள் ரஹ்மத் பீவி. "குந்திக்கிட்டு இருக்கியே. ஏந்திரி. அந்தா நர்சு மேச. போய்ச் சொல்லு."

நர்ஸ் மேஜை இருபது அடி தூரத்தில் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஏழு ஐந்து. இருசம்மாள் எழுந்தாள். மேஜைப் பக்கம் போகவில்லை. படி இறங்கினாள்.

பயம்தான். வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சொன்னால் மேலே கட்டிலில் கிடப்பவர் காதுக்குப் போகும். அவர் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் விசாகப்பட்டினத்தில் மீன்பிடிக்கப் போயிருந்தபோது, அவர் தாய் கிடையில் விழுந்தாள். ஃபோன் போட்டவரிடம் அண்ணன் தட்சிணாமூர்த்தி, அம்மா நல்லாயிருக்கு, சீசனை முடித்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார். நல்லெண்ணத்தில்தான். உத்திராபதி வந்து சேர்ந்தபோது பால் தெளித்து முடித்திருந்தார்கள்.

"எனக்குத் தெரியாம எனக்காவ முடிவெடுக்க நீ யாரு?" என்று கேட்டார். அண்ணனிடம் அவர் பேசிய கடைசி வாக்கியம் அது. ஒரே தெரு, ஒரே குழாயடி, ஒரே கரை. ஒன்பது வருஷம்.

அண்ணன் எடுத்தது ஒரு முடிவு. இருசம்மாள் தினம் காலையில் ஒன்று எடுத்திருந்தாள்.

ரத்த வங்கிக்கு வெளியே தட்சிணாமூர்த்தி, மடக்கிய முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பிக்கும் அவருக்கும் ஒரே வகை ரத்தம். கொடுத்தது யார் என்று மேலே சொல்லக்கூடாது என்று ஏற்பாடு. தெரிந்தால் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிடுவான். அன்பரசு ஃபைலைப் பிரித்து ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

இருசம்மாள் மாத்திரைப் பட்டையை ஃபைலின் மேல் வைத்தாள். நின்ற வாக்கில் சொன்னாள். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்பரசுக்கு முகம் வெளுத்தது. "ரெண்டு வருசமாவா?"

"ஆமா."

"எம்மா, நேத்து சாயங்காலம்கூட அந்த நர்சு கேட்டுச்சு. ஊசி குத்துன எடத்துல ரத்தம் நிக்கல, மாத்திர எதுனா சாப்புடுறாரான்னு. எங்கப்பா பொறந்ததுலேந்து மாத்திர தொட்டதில்லன்னு நான் சொன்னேன். எழுதிக் கையெழுத்து வேற போட்டுருக்கேன்."

"நான் அப்ப கீழ சாம்பார் சாதம் வாங்க வந்திருந்தன்டா."

அவன் ஃபைலைப் புரட்டினான். நடுவில், மடிப்புக் கலையாமல், ஓர் அச்சடித்த தாள். ஆபரேஷனுக்கு முன் நிறுத்த வேண்டிய மாத்திரைகள். தமிழில்தான் இருந்தது. நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை என்று அன்பரசு அதைப் படிக்காமல் சொருகி வைத்திருந்தான். அந்த ஃபைலை மூன்று நாளாக மேலும் கீழுமாகச் சுமந்தவள் இருசம்மாள்.

பிறகு அன்பரசு குரலைத் தாழ்த்தினான்.

"சொல்ல வேணாம்மா."

"என்னாடா சொல்ற?"

"கேளு. டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டுத்தானே உள்ள கொண்டு போறாங்க? நாலு பாட்டில் ரத்தம் ரெடியா இருக்கு. இன்னிக்கி நிறுத்துனா அடுத்த வியாழன்தான் அந்த டாக்டரு வருவாரு. அந்த வால்வு ஒரு வாரம் தாங்குமான்னு எவனுக்குத் தெரியும்? அப்டியே தாங்குனாலும், உண்ம தெரிஞ்சா அப்பா இங்க இருப்பாருன்றியா? சட்டய மாட்டிக்கிட்டு பஸ் ஏறிடுவாரு. அப்பறம் நீயும் நானும் காலப் புடிச்சாக்கூட திரும்ப வர மாட்டாரு. பெரியப்பாவப் பாரு. எதிர்லதானே ஒக்காந்திருக்காரு?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கஷ்டம். இருசம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் சொல்கிறபடியே விட்டுவிடலாம் போலிருந்தது. கை அரைஞாண் கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தது.

தட்சிணாமூர்த்தி பஞ்சை எடுத்துப் பார்த்தார். ஊசி குத்திய இடத்தில் ஒரு சின்னப் புள்ளி. ரத்தம் நின்றுவிட்டிருந்தது.

"எனக்கு நின்னு போச்சு" என்றார். கையை இருசம்மாள் பக்கம் நீட்டிக் காட்டினார். "அவனுக்கு நிக்காதுன்ற. அப்டித்தானே?"

"ஆமா மாமா."

"அப்ப இவன் என்னா பேசறான்?"

"பெரியப்பா, நீங்க சும்மா இருங்க. உங்களால ஆனதுதான் இவ்ளோ தூரம்..."

"ஆமாண்டா. என்னாலதான்." தட்சிணாமூர்த்தி பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டார். "எம்மூஞ்சியப் பாக்காம ஒம்பது வருசமா இருக்கான். தெனம் காலைல அவன் கடலுக்குப் போறத வேலிக்கு இந்தாண்டேருந்து பாக்கறேன். பேசாம இருந்தா யாரும் சாவறதில்ல, இருசு."

கடிகாரம் எங்கிருந்தோ அரை மணி அடித்தது.

அன்பரசு அவள் கையைப் பிடித்தான். "எம்மா, நான் சொல்றதக் கேளு..."

அவள் கையை உதறிவிட்டுப் பட்டையை எடுத்துக்கொண்டாள்.

நாற்பத்திரண்டு படிகள். மூன்று நாளில் எத்தனையோ முறை ஏறிய படிகள்தான். இந்த முறை கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினாள். ஆறாம் நம்பர் கட்டில் காலியாக இருந்தது. நடையின் கோடியில் தள்ளுவண்டி போய்க்கொண்டிருந்தது. உத்திராபதியின் வெள்ளையான உள்ளங்கால்கள் தெரிந்தன.

தியேட்டர் கதவுக்குப் பத்தடி முன்னால் தரையில் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டி உறவினர் வரக்கூடாது. வண்டியின் முன் சக்கரம் கோட்டைத் தாண்டிவிட்டது.

"நிறுத்துங்க!"

தீபிகா திரும்பினாள். "எம்மா, கோட்டத் தாண்டாதீங்க!"

இருசம்மாள் தாண்டினாள். வண்டியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"மாத்திர குடுத்திருக்கேன். இந்தா, இது. நேத்துக் காலைலகூட."

தீபிகா பட்டையை வாங்கிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த எரிச்சல் அப்படியே உறைந்தது. வண்டியை விட்டுவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வண்டியில் படுத்திருந்தவர் தலையைத் திருப்பினார். ஊசியின் சொக்கல் இருந்தது, ஆனாலும் கண் தெளிவாகத்தான் இருந்தது.

"யாருக்குக் குடுத்த?"

இருசம்மாள் கம்பியைப் பிடித்திருந்த தன் கையையே பார்த்தாள்.

"இருசு. யாருக்குன்னு கேட்டேன்."

"உங்களுக்குத்தான்."

"எதுல?"

"கூழுல."

அதற்குள் டாக்டர் ஞானசேகரன் வந்துவிட்டார். முகமூடியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தார். பட்டையைப் புரட்டிப் பெயரைப் படித்தார்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசம் ரெண்டு மாசம்."

"தினமுமா?"

"கடலுக்குப் போயி தங்கிட்டா மட்டும் கெடையாது."

டாக்டர் உத்திராபதியின் கன்றிய கையைத் தூக்கிப் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்தார். அவர் கத்துவார் என்று இருசம்மாள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல இவர் நெஞ்சத் தொறந்திருப்பேன். ஒரு எடத்துல கசிஞ்சா தைக்கலாம். இது தையல் போட்ட ஒவ்வொரு எடத்துலயும் கசியும். பைபாஸ் தையல், வால்வு தையல், எலும்பு, எல்லாத்துலயும். மூடவே முடியாது." பிறகு உத்திராபதியைப் பார்த்தார். "மாத்திரையே இல்லாம ரெண்டு வருஷம் படகு ஓட்டுனேன்னீங்களே. அந்தப் படத்தப் பாத்துட்டு எப்படிய்யா இந்த ஆளு உசுரோட இருக்காருன்னு நானே யோசிச்சேன். இப்பத்தான் புரியுது."

சிப்பந்திகள் இருவர் நின்றார்கள். ரஹ்மத் பீவி நின்றாள். படியேறி வந்த அன்பரசு நின்றான். இத்தனை பேர் முன்னால் அது சொல்லப்பட்டது. உத்திராபதியின் தாடை ஒரு முறை அசைந்தது, அவ்வளவுதான்.

"இன்னிக்கி இல்ல" என்றார் டாக்டர். "அடுத்த வியாழன். அதுவரைக்கும் இவர் வீட்டுக்குப் போவக்கூடாது. வால்வு இருக்கற நெலமைக்கு மாடிப்படி ஏறுறதே ஆபத்து. இப்போதைக்கு ரூமுக்குக் கொண்டு போங்க, ஒம்பது மணிக்கு ஐசியூல பெட் காலியாவும், மாத்திடலாம். இன்னொண்ணு. இந்த மாத்திரையில ஒண்ணுகூட இனிமே உள்ள போவக்கூடாது. போச்சுன்னா அடுத்த வியாழனும் போச்சு. அதுக்கு மேல அந்த வால்வு தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

பட்டையை வண்டியின் விரிப்பின் மேல் போட்டார். ரஹ்மத் பீவியின் வீட்டுக்காரரைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வண்டி திரும்பியது. நடையில் சக்கரத்தின் கிறீச் சத்தம் மட்டும் கேட்டது. இருசம்மாள் பக்கத்தில் நடந்தாள். அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். எனக்குத் தெரியாம எனக்காவ முடிவெடுக்க நீ யாரு. சொல்லிவிடட்டும், என்ன ஆனாலும் அது ஒரு பேச்சுத்தானே என்றிருந்தது.

அவர் சொல்லவில்லை.

ஆறாம் நம்பர் வாசலில் வண்டி நின்றது. உத்திராபதி எழுந்து உட்கார்ந்தார். சிப்பந்தி தாங்க வந்தபோது கையைத் தட்டிவிட்டார்.

"எப்பா, எறங்காத, அவங்க தூக்கி வைப்பாங்க" என்றான் அன்பரசு.

உத்திராபதி இறங்கினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேல்மூச்சு வாங்கியது. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில், காலையில் அவள் வைத்துவிட்டுப் போன சொம்பு இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நேத்து வண்டல்லயும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"வழிச்சிக் குடிக்கச் சொன்னியே."

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார். ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்டது போல. இருசம்மாள் அரைஞாண் கயிற்றை நீட்டினாள். தாயத்து அவள் உள்ளங்கையில் வியர்வையோடு ஒட்டிக்கிடந்தது. அவர் அதை வாங்கவில்லை. திரும்பி, வண்டி விரிப்பின் மேல் கிடந்த மாத்திரைப் பட்டையை எடுத்துக்கொண்டார். அதில் இன்னும் ஆறு இருந்தன.

"அது எதுக்கு உங்களுக்கு? குடுங்க" என்றாள் இருசம்மாள்.

"ரெண்டு வருசமா என்னா தின்னேன்னு நான் பாக்க வேணாமா?"

உள்ளே போனார். தீபிகா நடையில் ஓடி வந்தாள். "சார், உள்ள தாழ் போடக்கூடாது! சார்!"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.